பூஜ்யமாக வந்த வலி

...மறுபடியும் அதே பதில்தான், ஊர் ஊராகப் போய் நெசவாளர்களிடம் அவள் கேட்டு எழுதி வந்ததில், தறியில் உட்கார்ந்த வருடங்களுக்கும் இடுப்பு வலிக்கும் தொடர்பில்லை, வயதுக்கு மட்டும் உண்டு, அதெப்படி இருக்க முடியும், அகிலா எக்செல்லை மூடிவிட்டுத் திறந்தாள், ஷீட்டுக்குள்ளேயே பெரிய புள்ளியியல் கணக்கெல்லாம் போட்டுத் தரும் என்று ஆய்வு வழிகாட்டி சாமுவேல் சார் ஏற்றிக் கொடுத்த ஆட்-இன், வீட்டுக்கு வீடு உள்ள வித்தியாசத்தைக்கூடத் தனியாகப் பிரித்துவிடுமாம், பிரித்துத்தான் பார்த்தாள், ஓரிக்கை ஊரை விட்டுவிட்டு, ஐயம்பேட்டையை மட்டும் வைத்து... வட்டம் சுற்றுகிறது, நிற்கிறது, இல்லை என்கிறது. ஆய்வேடு தள்ளிப்போனால் போகட்டும், அதுவா கவலை? அப்பாவிடம் காட்ட வேண்டும். அம்மாவைத் தறியிலிருந்து எழுப்ப வேறு எதைக் காட்டுவது, கரையைச் சேலையோடு கோக்கும் கோர்வைக்குத் தன் பக்கத்தில் உட்கார வேறு ஆள் கிடைக்காது என்பதை மறைத்துக்கொண்டு, தறி என்ன பண்ணும் பாவம் என்று தறிக்குப் பரிந்து பேசுகிறவரிடம்? அம்மா சுவரைப் பிடித்து எழுவது அவருக்குத் தெரியாதா, தெரிந்தும்... "என்னாம்மா சொல்லுது உன் பொட்டி?" கூடத்தைக் கடக்கும்போது அப்பா கேட்டார். "வயசுன்னுதானே? இதுக்கு என்னையே கேட்டிருக்கலாமே." பொட்டி அதையேதான் சொல்கிறது என்று எந்த வாயால் சொல்வது, கணினித் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

சமையலறையிலிருந்து வடை வாசனை. "படையல் போடணும், வாம்மா, காக்கா காத்துக்கினு இருக்குது," என்றாள் அம்மா. வரேன்மா, வரேன், பேட்டி எடுத்த தேதிகளைப் படிக்க முடியவில்லை என்று இப்போது ஒரு சிவப்பு எச்சரிக்கை, சிலதில் நாள் முன்னால், சிலதில் மாதம் முன்னால், இதற்கும் நான்தானா, எரிச்சலோடு ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டே வந்த விரல் நின்றது. இந்தத் தேதிகள்... எல்லாமே அமாவாசை, இன்றைக்குப் போல. அவளேதான் தேர்ந்தெடுத்தாள், மற்ற நாளில் தறியை நிறுத்திப் பேசச் சொன்னால் வேலை கெடும், அமாவாசையில் ஊரே தறி ஓட்டாது, நிதானமாகப் பதில் சொல்வார்கள், நெசவுக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு இதுகூடத் தெரியாதா என்ற பெருமை வேறு. இப்போது எவ்வளவு வலிக்கிறது, பத்துக்கு எத்தனை என்பதுதான் கேள்வி. ஓய்ந்து கிடக்கிற நாளில் போய் அதைக் கேட்டுவிட்டு, எத்தனை மாடல் போட்டு என்ன, எந்தக் கணக்கு அதைக் கண்டுபிடிக்கும்... அம்மாவின் வரிக்கு இறங்கினாள். தையல்நாயகி, பூஜ்யம். சரி, நாளைக்குக் கேட்கலாம், தறி ஓடும்போதே கேட்கலாம், என்று நினைத்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது, உடனே அந்தத் தறிக்குழி கண்ணில் வந்தது, ஒரே பலகையில் இரண்டு பேர், அம்மாவின் தோளை உரசிக்கொண்டு அப்பா... அங்கே, அவர் காதுபடக் கேட்டால் மட்டும் அம்மா எந்த எண்ணைச் சொல்வாள்?