மத்தியானக் காற்று

காற்றழுத்தம் அளக்கும் கேஜின் பின்முனையால் டயர் வால்வின் ஊசியை அம்மா அழுத்தினாள். ஸ்ஸ் என்று சுடுகாற்று அவள் முகத்தில் அடித்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டாளே தவிர, கையை எடுக்கவில்லை. கொஞ்சம் விட்டாள், அளந்தாள். இன்னும் கொஞ்சம் விட்டாள், மறுபடி அளந்தாள். முள் சிவப்புக் கோட்டில் வந்து உட்கார்ந்ததும் வால்வுக்கு மூடியைத் திருகிவிட்டு, குந்தியபடியே அடுத்த சக்கரத்துக்கு நகர்ந்தாள். அந்தப் பேருந்துப் பணிமனையில் அவளுக்குக் காத்தம்மா என்று பெயர். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. அந்தச் சிவப்புக் கோடும் அவள் போட்டதுதான். கேஜின் எண்கள் தேய்ந்து மங்கியபோது, மகள் கல்லூரி விழாவுக்கு வாங்கி வைத்திருந்த நகப்பூச்சில் ஒரு சொட்டு எடுத்து, மேஸ்திரி காட்டிய இடத்தில் இழுத்தாள். முள் கோட்டுக்குக் கீழே நின்றால் நிரப்பு, மேலே போனால் இறக்கு. மேஸ்திரி சொன்னது அவ்வளவுதான். அவளும் அதில் மயிரிழை பிசகியதில்லை.

அன்று பள்ளிக்கு விடுமுறை என்பதால் மகள் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து நின்றிருந்தாள். வீட்டில் முதல் பட்டம் அவளுடையது, அதுவும் இயற்பியலில். பெண் பிள்ளைக்கு அது எதற்கு என்று கேட்ட சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் வாயாலேயே பதில் கொடுத்து, அடங்காப்பிடாரி என்று பேர் வாங்கி, இப்போது ஒரு பள்ளியில் டீச்சர். கொள்ளளவு மாறாத கலனில் வெப்பம் ஏறினால் வாயுவின் அழுத்தமும் ஏறும் என்று அந்த வாரம்தான் கரும்பலகையில் எழுதிப் பிள்ளைகளை ஒப்பிக்க வைத்திருந்தாள். தூக்கைக் கீழே வைக்கக் குனிந்தவள் பிடிமானத்துக்கு டயரில் கை ஊன்றினாள். சுரீர் என்றது.

"இதைச் சூடாவா அளக்குற?"

"வண்டி வந்தாத்தானேடி அளக்க முடியும். வராத வண்டிக்கு எப்படிக் காத்து பாக்குறது?"

"காலையில கிளம்புறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியதுதானே?"

"காலையில கம்ப்ரஸர் வண்டி கழுவுறவங்ககிட்டப் போயிடும், சீட்டுத் தூசி ஊத. எனக்கு மத்தியானந்தான் முறை."

"தினமும் முள்ளு கோட்டுக்கு மேலதான் நிக்குதா?"

"எல்லா வண்டிக்கும். வெயில் காலத்துல நான் நிரப்பினதைவிட இறக்கினதுதான் ஜாஸ்தி." அம்மா சிரித்தாள். "காத்தம்மா இல்லடி நான், காத்து புடுங்குற அம்மா."

மகளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஓடிச் சூடேறிய டயரில் அழுத்தம் கூடித்தான் நிற்கும். அது கூடுதல் காற்று இல்லை, காலையில் இருந்த அதே காற்று. அதைப் பிடித்துக் கோட்டுக்கு இறக்கினால், ஆறியபின் முள் கோட்டுக்குக் கீழே போய்விடும். காற்றுக் குறைந்த டயர் பாரத்தில் மடங்கி மடங்கி மேலும் சூடேறும். ஒருநாள் வெடிக்கும். வெடித்தும்விட்டது. போன மாதம் ஒரு வண்டியின் முன்டயர் வெடித்து, வண்டி பள்ளத்தில் இறங்கியது. பயணிகளுக்குச் சிராய்ப்போடு போயிற்று. ஓட்டுநருக்குக் கை முறிந்தது. அம்மாவைத் தங்கச்சி என்று வாய் நிறையக் கூப்பிடுகிற மனுஷன். அதிவேகம் என்று அவர் தலையில் கட்டி, வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தார்கள். திங்கட்கிழமை விசாரணை. அம்மா வாராவாரம் பழம் வாங்கிக்கொண்டு போய் அவர் வீட்டில் உட்கார்ந்து, "போறாத காலம்ண்ணே" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

மகள் நேரே மேஸ்திரியிடம் போனாள். அவர் பீடியை அணைக்காமலே முழுசாகக் கேட்டார்.

"பாடத்துல வர்ற காத்து வேற, டெப்போ காத்து வேற கண்ணு."

"ரெண்டும் ஒரே காத்துதான். நீங்க அளக்கச் சொன்ன நேரந்தான் தப்பு."

அவர் அவளைப் பார்த்தார். தூரத்தில் குந்தியிருந்த அம்மாவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சரி, நீ சொல்றதே சரின்னு வச்சுக்கோ. இறக்கினது யாருன்னு விசாரணையில கேப்பாங்களே. என்ன சொல்லுவே?"

மகள் திரும்பி நடந்தாள். சொன்னால் ஓட்டுநர் பிழைப்பார், அம்மாவின் வேலை போகும். சொல்லாவிட்டால் ஓட்டுநரின் வேலை போகும், அம்மா தொடர்ந்து பழம் வாங்கிக்கொண்டு போவாள். மேஸ்திரி மேல் கோபம், தூசி ஊதப் போகிற கம்ப்ரஸர் மேல் கோபம். எல்லாவற்றையும்விட, ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல் இத்தனை காலம் சொன்னபடி செய்த அம்மா மேல் கோபம். பட்டம் வாங்கி என்ன, அந்தக் கோபத்தை எங்கே வைப்பது என்று எந்தப் பாடத்திலும் இல்லை. சாயங்காலம் பாத்திரங்களை நங் நங்கென்று போட்டுத் துலக்கினாள்.

"பாத்திரம் என்னடி பண்ணுச்சு உன்னை? எதுவா இருந்தாலும் சொல்லித் தொலை."

சொல்லித் தொலைத்தாள். எதையும் மழுப்பவில்லை; மழுப்ப அவளுக்குத் தெரியாது. அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். துடைத்த கையையே திரும்பவும் துடைத்தாள்.

"காலையில சீக்கிரம் எழுப்பு" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் வண்டிகள் இன்னும் வெளிச்சம் வராத பணிமனை முற்றத்தில் சில்லென்று நின்றிருந்தன. அம்மா முதல் வண்டியின் வால்வில் கேஜை வைத்தாள். முள் எழுந்து, கோட்டை எட்டாமல் நின்றது. கேஜை உதறிவிட்டு மறுபடி வைத்தாள். அதே இடம். அடுத்த வண்டி. அதற்கடுத்தது. மகள் கைபேசி வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனாள். வரிசையின் கடைசியில் அம்மா எழுந்திருக்காமல் குந்தியே இருந்தாள்.

"வெடிச்சுதே, அந்த வண்டி முன்டயரையும் நான்தான் பாத்தேன். ரொம்ப மேல நின்னுச்சு. நல்லா இறக்கினேன்."

"மேஸ்திரி சொன்னதைத்தானேம்மா செஞ்ச."

"சொன்னது அவருதான். என்னைத் தங்கச்சின்னு கூப்பிட்டது அவரில்லையே."

பிறகு முழங்காலில் கை ஊன்றி எழுந்து, கழுவுகிறவர்களிடமிருந்து கம்ப்ரஸர் குழாயை இழுத்தாள்.

"காத்தம்மா, இது எங்க நேரம்" என்றாள் அங்கே இருந்தவள்.

"தூசி எங்கயும் ஓடிப் போயிடாது. நாளைக்கு ஊதிக்கோ."

திங்கட்கிழமை, அலுவலக வராந்தாவின் பெஞ்சில் ஓட்டுநர் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மகள் தூணோரம் நின்றாள். கூட உள்ளே வருகிறேன் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாயிற்று. "நீ வந்தா கத்துவே, அப்புறம் நான் பேசினது யாருக்கும் கேக்காது" என்றுவிட்டாள் அம்மா.

"நீ எதுக்குத் தங்கச்சி வந்தே? உன்னைக் கூப்பிடலையே."

"சும்மாதாண்ணே. காத்து பாக்க வந்தேன்."

அவர் சிரித்தார். கை வலித்திருக்க வேண்டும், பாதியில் நிறுத்திக்கொண்டார். அம்மா மடியிலிருந்து கேஜை எடுத்து, கண்ணாடியை முந்தானையால் துடைத்தாள். கோட்டின் மேல் துணி படாமல், அதைச் சுற்றிச் சுற்றித் துடைத்தாள்.

உள்ளேயிருந்து ஓட்டுநரின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் எழுவதற்குள் அம்மா எழுந்து உள்ளே போனாள்.

கதவு சாத்திக்கொண்டது. முற்றத்தில் மத்தியான வண்டிகள் ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நின்றன. காத்தம்மாவைக் காணாமல் யாரோ ஹாரன் அடித்தார்கள். சக்கரங்கள் யார் கையும் படாமல் தம்பாட்டுக்கு ஆறிக்கொண்டிருந்தன.