வலது கையுறை

உள்ளங்கையில் ஒரு சிவப்பு வட்டம், சுற்றிலும் விரல் நுனிகளில் ஐந்து தொப்பிகள், போர் விமானத்தின் குறுகிய இருக்கையில் வார்கள் இறுக்கக் கட்டுண்டு உட்கார்ந்திருக்கும் சிதம்பரவேலு அதையே பார்த்துக்கொண்டிருக்கிறான், எழுபத்தொன்றாம் வருஷத்து டிசம்பர், பஞ்சாபின் குளிர், பச்சை வெளிச்சம் வானத்தில் வெடித்தால் புறப்பட வேண்டும், அதுவரை கையுறையைக் கூடக் கழற்றாமல் காத்திருக்க வேண்டும், அவன் கழற்றியிருந்தான், வலது கையுறையை மட்டும், மூக்கருகே கொண்டுபோனால் மருதாணி இன்னும் லேசாக மணத்தது, கல்யாணமாகி ஐந்தாம் நாள் தந்தி வந்து திருநெல்வேலியில் ரயிலேறியவன், ஏ புதுப்பெண்ணே, உன் மாப்பிள்ளை எங்கே என்று சாப்பாட்டு அறையில் சக விமானி ஜஸ்பீர் அந்தக் கையைத் தூக்கி எல்லோருக்கும் காட்டுகிறான், சிரிப்பு அடங்கவில்லை, அதற்குள் புது மனைவி கோமுவின் குரல், அசையாதிய அத்தான், கோணிரும், நல்லாச் செவந்தா எம்மேல பிரியம்னு அர்த்தம், செவக்கலன்னா என்று இவன் கேட்க, செவக்கலன்னா நான் எங்க அம்மை வீட்டுக்குப் போயிருவேன்.

சிவந்தது, ஆனால் பச்சை வெளிச்சம் வெடித்தபோது மடியிலிருந்த கையுறை நழுவி இருக்கைக்கடியில் விழுந்துவிட்டது, கட்டுண்டவனால் குனிய முடியாது, ஏணியை எடுத்துவிட்டார்கள், வெறுங்கையால் விமானத்தை ஓட்டும் பிடியைப் பற்றி எழும்பினான், கால்வாய்க்கு மேலே இரண்டு எதிரி விமானங்கள், ஒன்றை விரட்டிச் சுட்டபோது மற்றது இவனைச் சுட்டது, பெரிய சத்தமில்லை, யாரோ கதவைத் தட்டியது போலத்தான், பிறகு முழங்காலருகே தீ, கீழே கிராமத்து வீடுகள் தெரிந்தன, அவற்றைத் தாண்டும்வரை பிடியை விடக் கூடாது, விடவில்லை, தாண்டியதும் இருக்கையோடு வெளியே வீசப்பட்டு, பாராசூட் குடை விரிந்து, கரும்புக் காட்டில் இறங்கினான், ஒரு கிழவர் ஓடிவந்து தண்ணீர் ஊற்றினார், இடது கை கையுறைக்குள் பத்திரமாக இருந்தது, வலது கையில் வட்டமில்லை, தோலே இல்லை.

பட்டாள ஆஸ்பத்திரியில் தொடைத் தோலை எடுத்து உள்ளங்கையில் ஒட்டினார்கள், நாட்கள் சுண்ணாம்புச் சுவரைப் போல நீண்டன, சண்டை முடிந்துவிட்டதென்று ரேடியோ சொன்னது, ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, அமுக்கணும் சார், அமுக்கினாத்தான் விரல் மடங்கும், மடங்கினாத்தான் ப்ளேன் என்று அன்னம்மா சிஸ்டர் தினமும் மலையாளத் தமிழில் அதட்டுவாள், விரல்கள் பாதி வழியில் நின்றுவிடும், பிடியைப் பற்ற முடியாத கைக்கு விமானம் தரமாட்டார்கள், அடுத்த மாதம் டாக்டர்கள் கூடி முடிவு சொல்வார்கள், அதைவிட அவனை உறுத்தியது வேறு, எஞ்சினில் தீ, தற்செயல் என்று கோமுவுக்கு இடது கையால் எழுதியிருந்தான், தான் பூசிய மருதாணியால்தான் கை போயிற்று என்று தெரிந்தால் அவள் தாங்குவாளா.

மூன்று நாள் ரயிலில் வந்த களைப்போடு கோமு கட்டிலருகே உட்கார்ந்திருக்கிறாள், இரண்டு கைகளையும் மடியில் வாங்கி மாறி மாறிப் பார்க்கிறாள், ஏன் அத்தான், அந்த உறை தீயத் தாங்கும்னுல்லா எழுதியிருந்திய, இடது கைக்கு ஒண்ணும் ஆவலியே, வலது கை உறை எங்க போச்சு. அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னான், கழட்டினேன், மருதாணியப் பாக்க. அவள் கண் நிறைந்து வழிந்தது, முந்தானையால் துடைத்தாள், பிறகு கோபமாக, இடது கையிலயும்தானே வச்சேன், அதப் பாத்திருக்கப்பிடாதா. அது கோணலா இருந்துச்சு என்றான் அவன். நீங்க அசைஞ்சிய, அதான் கோணிச்சு, எம்மேல என்ன தப்பு. என்மேலதான் தப்பு என்றான், மூன்று மாதமாக நெஞ்சிலிருந்தது ஒரு மூச்சில் இறங்கிப் போயிற்று.

மறுநாள் ஆஸ்பத்திரி வேலியோரத்தில் வளர்ந்திருந்த மருதாணியை ஒடித்து, சமையலறையில் கெஞ்சி அரைத்து வந்திருந்தாள், அன்னம்மா சிஸ்டர் பார்த்தும் பார்க்காதவள் போலத் திரும்பிக்கொண்டாள், பச்சை உருண்டையை அவன் உள்ளங்கை நடுவில் வைத்து, மூடுங்க என்றாள், முடியாது கோமு என்றான், கீழ விழுந்தா பாத்துக்கிடுங்க, மெத்தையெல்லாம் கறையாயிரும், அவன் பதறி மூடினான், நான்கு விரல்கள் வந்துவிட்டன, சுண்டுவிரல் மட்டும் வெளியே நின்றது, அதை அவள் தன் விரலால் மடக்கிப் பிடித்துக்கொண்டாள், சாயங்காலம்வரை விடவில்லை.

கழுவிப் பார்த்தபோது வெளிறிய ஆரஞ்சில் ஒரு வட்டம், ஓரமெல்லாம் பிய்ந்து, முன்பு இடது கையில் இருந்ததைவிடக் கோணலாக, செவக்கலியே, அம்மை வீட்டுக்குப் போயிருவியா என்றான், அவள் குனிந்து பார்த்தாள், அது உங்க தொடைத் தோல்லா அத்தான், இப்பத்தானே என்னப் பாக்குது, பிரியம் வரக் கொஞ்ச நாளாகும். அவன் சிரித்தான், சிரித்துக்கொண்டே கையை மூக்கருகே கொண்டுபோனான், அதே வாசனை, ஜன்னல் வெளிச்சம் பட்டுக் கூசியதோ என்னவோ, அந்த வட்டத்தின்மேல் விரல்கள் ஐந்தும், யாரும் மடக்காமலே, மெல்ல மூடிக்கொண்டன.