ஈயக் குதிரை

குதிரை ஜூனிபர் மூன்று காலில் நின்றது. நான்காவது கால் முழங்காலுக்குக் கீழே வேறு பக்கம் திரும்பித் தொங்கியது. எல்டன் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஹென்ஸ்லி அம்மாள்தான் பிடிக்கச் சொன்னார்.

"டாக்டர் கெளம்பிட்டாராம்மா?"

"வந்துட்டே இருக்காராம். பாலத்துக்கிட்ட லாரி மறிச்சுக்கிட்டு நிக்குதாம்."

மேய்ச்சல் நிலமெங்கும் குழிகள். இரவில் யாரோ வேலி தாண்டி வந்து தோண்டி, மூடாமல் போயிருந்தார்கள். அவற்றில் ஒன்றில்தான் குதிரை கால்விட்டது.

"பழைய பொருள் தேடுற உங்க ஆளுங்கதான் எல்டன்."

"எங்க ஆளுங்க இப்பிடிச் செய்ய மாட்டாங்கம்மா."

"நீ செய்ய மாட்ட. நீ தோண்டின எடத்த மண்புழுகூடக் கண்டுபிடிக்காதுன்னு என் புருஷன் சொல்லுவாரு. அதனாலதான் உன்ன மட்டும் உள்ள விட்டோம்."

உண்மைதான். எல்டன் புல்லை மூடிபோல வெட்டி எடுத்து வைப்பார். உலோகம் கண்டுபிடிக்கும் கருவி காட்டிய ஈயத்தையோ பழைய பொத்தானையோ எடுத்த பிறகு, மண்ணைப் போட்டு, புல்லைத் திரும்பப் பதித்து, மிதித்துவிட்டுத்தான் நகர்வார்.

போன ஞாயிற்றுக்கிழமை இங்கேதான் அது கிடைத்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஒரு குளிர்காலம் முழுவதும் படை இந்த மேட்டில் குடிசை போட்டுக் கிடந்தது. சண்டை இல்லை. பனியும் பேதியும்தான். எவனோ ஒரு சிப்பாய் துப்பாக்கியின் ஈயக் குண்டைப் பேனாக்கத்தியால் செதுக்கிச் சதுரங்கக் குதிரை செய்திருந்தான். கட்டைவிரல் நுனி அளவு. பிடரிமயிர்கூட இருந்தது. ஒரு காது மட்டும் மழுங்கல். மண்ணுக்குள் இருந்து இருந்து சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

உள்ளங்கையில் வைத்துப் படமெடுத்து, தோண்டுகிறவர்கள் கூடும் இணையப் பக்கத்தில் போட்டார். எந்த இடம் என்று எழுதவில்லை. எழுதக் கூடாது என்பது இந்தத் தொழிலில் முதல் பாடம். படத்தின் மூலையில் தண்ணீர்த் தொட்டி தெரிந்ததை அவர் கவனிக்கவில்லை. ஸ்டாஃபோர்டு வட்டாரத்தில் தோண்டுகிறவன் எவனுக்கும் தொட்டிகள் அத்தனையும் அத்துப்படி.

காலையில் ஹென்ஸ்லி அம்மாள் தொலைபேசியில் கூப்பிட்டதும்தான் படத்தைத் திரும்பப் பார்த்தார். உடனே அழித்தார்.

"இப்பிடி ஒரு எடம் இருக்குன்னு அவனுங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சுது?" என்றார் ஹென்ஸ்லி அம்மாள்.

குதிரை எல்டனின் தோளில் மூச்சு விட்டது. எல்டன் கயிற்றை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினார்.

டாக்டர் வந்தார். காலைத் தொட்டுப் பார்த்தார். கருணைக்கொலை மருந்தை ஊசியில் ஏற்றினார். "தலைய நல்லாப் பிடிச்சுக்குங்க. விழும்போது விட்டுட்டு வெலகிடுங்க" என்றார்.

விழும்போது எல்டனால் சட்டென்று விட முடியவில்லை. கயிறு உள்ளங்கையை அறுத்துக்கொண்டு போனது.

டாக்டர் போன பிறகு ஹென்ஸ்லி அம்மாள் தார்ப்பாயைப் போர்த்தினார். காற்றில் ஓரம் தூக்கியது. எல்டன் அதன்மேல் கல் வைத்தார்.

"அம்மா. படம் போட்டது நான்தான்."

"என்ன படம்?"

சட்டைப் பையிலிருந்து ஈயக் குதிரையை எடுத்துக் கொடுத்தார். தொட்டி தெரிந்ததைச் சொன்னார். ஹென்ஸ்லி அம்மாள் அதை விரல்களுக்கிடையே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கா?"



அவர் அதைத் திரும்ப எல்டனின் கையில் வைத்தார். "குழியெல்லாம் மூடு. மூடிட்டுப் போ. இனி வராத."

வீட்டுக்குள் போய்விட்டார்.

எல்டன் மூடத் தொடங்கினார். புல்லை மூடிபோல வெட்டாமல் பிய்த்து எறிந்திருந்தார்கள். எந்தத் துண்டு எந்தக் குழிக்கு என்று தெரியவில்லை. பொருந்தாததை எல்லாம் வைத்து மிதித்தார். மண்வெட்டியின் பிடியில் ரத்தம் ஒட்டியது.

வெயில் சாயும் நேரம் சாலையில் வேலியோரமாக ஒரு வண்டி நின்றது. கண்ணாடி இறங்கியது. உள்ளே இரண்டு பேர்.

"என்ன பெருசு, எல்லாத்தையும் நீயே அள்ளிட்டியா?"

"இங்க ஒண்ணும் இல்ல. போங்க."

"ஒண்ணும் இல்லாமயா மண்வெட்டியோட நிக்குற?" ஓட்டுகிறவன் சிரித்தான். "இந்தா பாரு. எனக்கே நாலு பேரு அனுப்பிட்டானுங்க. இதுதானே அந்தத் தொட்டி?"

வேலிக்கு மேலாகக் கைபேசியை நீட்டினான். எல்டன் கிட்டே போய் வாங்கிப் பார்த்தார். அவருடைய உள்ளங்கை. அதில் ஈயக் குதிரை. பின்னால் தொட்டி. எவனோ அதைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டிருந்தான். வட்டத்துக்குள்ளேயே, தொட்டியின் அடியில், ஜூனிபர் தலை குனிந்து மேய்ந்துகொண்டிருந்தது. படத்தில் அது ஈயக் குதிரையைவிடச் சின்னதாக இருந்தது.

"குடு பெருசு. பாத்தது போதும்."

கொடுத்தார். வண்டி வேலியை ஒட்டி மெதுவாகப் போனது, கேட் எங்கே என்று பார்த்துக்கொண்டே.