ஒரே தொட்டியில் இரண்டு ஆசா

பெண் கேட்கப் போனால் பேச வேண்டியவர் என் அண்ணன். ஆனால் அவர் தொண்டையைக் கனைத்து முடிப்பதற்குள் நான் பேசி முடித்திருப்பேன். ஒமாம்பலா ஆற்றங்கரையில் என் வாய்க்குப் பயப்படாத ஆள் ஒருவர்தான். அண்ணன் மகனுக்கு நாங்கள் கேட்கப் போன பெண்ணின் அப்பா அகுனே.

முதல் நாளே அவர் சொன்னார்: "உயிரோட ஒரு ஆசா மீன் வரணும். இல்லாட்டி பொண்ணு இல்ல."

"ஒண்ணு எதுக்கு? ரெண்டாவே கொண்டாறோம்" என்றேன். அவர் கத்தினார், நானும் கத்தினேன். விருந்தாளிகளை வரவேற்று உடைக்கும் கோலா கொட்டையைக்கூட உடைக்காமலே எழுந்து வந்தோம்.

படகை விட்டு இறங்கும்போது அண்ணன் மகன் ஒபியாஜுலு சொன்னான்: "அத்தை, கோசிசோ இல்லாம எனக்கு வாழ்க்கையே இல்ல. உன் வாயால அது போயிடும்போல இருக்கு."

ஆனாலும் சொன்ன சொல்லை விடுவேனா? இரண்டு ஆசா பிடித்தோம். ஒவ்வொன்றும் ஆள் கை நீளம். சாதாரண மீனா அது? முன்னால் போய் அமுக்கலாம் என்றால், திரும்பாமலே பின்பக்கமாக நழுவிவிடும். ஒபியாஜுலுவின் கட்டைவிரலில் ஒன்று பல்லையும் பதித்தது. இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஒன்றையொன்று கடித்தே கொன்றுவிடும் என்று, தொட்டியின் நடுவில் மூங்கில் தட்டியைச் செருகி எடுத்துப் போனோம்.

அகுனே எட்டிப் பார்த்தார். "ஒரே தொட்டியில ரெண்டு ஆசாவா? புத்தி இருக்கிறவன் செய்யிற வேலையா?"

"இருக்கிற புத்தியத்தான் உங்க வீட்டு வாசல்ல விட்டுட்டு வந்தோமே" என்றேன். மறுபடியும் ஆரம்பித்தது. அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அப்போது கோசிசோ உள்ளேயிருந்து வந்தாள். அவள் பல்கலைக்கழகத்தில் மீன்களைப் பற்றிப் படிக்கிறவள். ஒரு சின்ன ஒலிபெருக்கியை வைத்து, அதன் இரண்டு கம்பிகளைத் தண்ணீரில் விட்டாள். 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம். விம்மி விம்மிக் கேட்டது.

"ஆசா தன் வால்ல சின்னதா மின்சாரம் உண்டாக்கும். நம்ம மேல படக்கூட படாது. கலங்கின தண்ணியில அதை வச்சுத்தான் வழி பார்க்கும்" என்றாள். "இப்ப ரெண்டும் ஏறக்குறைய ஒரே சுருதியில பாடுது. அதான் விம்முது. இப்படியே பாடினா ரெண்டுக்கும் கண்ணு கட்டின மாதிரி ஆயிடும்."

"அப்புறம்?" என்றார் அகுனே.

"கேளுங்க."

விம்மல் வேகமானது, பிறகு மெல்ல மெல்லக் கரைந்தது. ஒன்று கொஞ்சம் சுருதி ஏற, இன்னொன்று கொஞ்சம் இறங்கிக்கொண்டதாம். அவள் எங்கள் இருவரையும் பார்க்கவே இல்லை, மீனைத்தான் பார்த்தாள். அவள் கண்ணில் நீர் கோத்திருந்தது.

"அதெல்லாம் இருக்கட்டும்" என்று அகுனே குரலை உயர்த்தினார். "போன தடவை இந்த அம்மா என் வாசல்ல நின்னு..."

எனக்குப் பதில் நாக்கு நுனியில் நின்றது. ஒபியாஜுலு கட்டுப் போட்ட விரலை நெருடிக்கொண்டிருந்தான். நான் குரலைத் தாழ்த்தினேன்.

"நீங்க சொல்லி முடிங்க சம்பந்தி. நான் அப்புறம் பேசறேன்."

அகுனே வாயைத் திறந்தபடி நின்றார். எதிர்க்குரல் இல்லாமல் அவருக்குக் கத்த வரவில்லை.

"நான் என்ன சொல்ல வந்தேன்?" என்று மனைவியிடம் கேட்டார்.

"பொண்ணு கையில கள்ளுக் கிண்ணத்தைக் குடுக்க வந்தீங்க" என்றாள் அவள்.

பனங்கள்ளை ஊற்றி மகளிடம் கொடுத்தார். அதை அவள் யாரிடம் நீட்டுகிறாளோ அவன்தான் மாப்பிள்ளை. அவள் ஒரு வாய் குடித்துவிட்டு நேராக ஒபியாஜுலுவிடம் வந்தாள். அவன் வாங்கும்போது பாதி சட்டையில் சிந்தியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, மறைக்கவில்லை.

ஆசாக் குழம்பு வந்ததும், ஆண்களுக்கென்று வைக்கும் மீன் தலையை அகுனே தன் கையாலேயே என் தட்டில் வைத்தார்.

"சாப்பிடுங்க சம்பந்தியம்மா. அந்த வாய்க்கும் கொஞ்சம் வேற வேலை இருக்கட்டும்."

அதற்கு நல்ல பதில் ஒன்று என்னிடம் இருந்தது. மீனோடு சேர்த்து மென்று விழுங்கிவிட்டேன்.