முழு வெளிச்சத்தில் ஓட்டிய படம்

படம் ஓட்டுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற திமிர் எனக்கு எப்போதும் உண்டு. அந்தத் திமிரால் பவுனம்மாளுக்கு நான் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்குவதில்லை.

அது ஜப்பான்காரன் எங்கள் ஊரைப் பிடித்து ஆண்ட காலம். பிரிக்ஃபீல்ட்ஸ் சினிமாக் கொட்டகையில் எங்களிடம் இருந்தது ஒரே ஒரு தமிழ்ப் படம். தொலைந்த கணவனைத் தேடிப் பாதாளலோகத்துக்குப் போகிற ராணியின் கதை. கப்பல் நின்றுபோனதால் புதுப் படமும் வரவில்லை, புரொஜெக்டருக்கு வெளிச்சம் கொடுக்கிற கார்பன் குச்சியும் வரவில்லை. எரிந்து மிஞ்சிய துண்டுகளைச் செப்புக் குழாயில் செருகி ஒட்டுப்போட்டு, கரண்டைக் குறைத்து ஓட்டினேன். திரையில் முக்கால்வாசி இருட்டு. குகை எது, புகை எது, ஆள் எது, நிழல் எது என்றே தெரியாது. எனக்கு மானம் போயிற்று. ஜனங்களுக்கோ அதுதான் பிடித்தது! வாயைத் திறந்தபடி, கண்ணை விழித்துக்கொண்டே கனவு காண்கிறவர்களைப் போல உட்கார்ந்திருந்தார்கள்.

பவுனம்மாள் ரயில்வே கூலிகளின் வரிசை வீடுகளான லயத்தில் இருந்தவள். அவள் புருஷன் ரெங்கசாமியை ஜப்பான்காரன் சயாம் தேசத்துக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. கடுதாசி இல்லை. வீட்டில் அவன் போட்டோ ஒன்றுகூட இல்லை. பகல் ஆட்டத்துக்குத் தவறாமல் வருவாள். பாதாளத்தில் அடிமைகள் கல் சுமந்து வரிசையாகப் போகிற காட்சி முடிந்ததும் எழுந்து போய்விடுவாள்.

ஏன் என்று ஒரு நாள் கேட்டேன்.

"அந்த மூணாவது ஆளு நடை அப்படியே எங்க வீட்டுக்காரரு நடைண்ணே. அது அவரு இல்லன்னு தெரியும். மூஞ்சி தெரியல பாருங்க, அதனால அவரு மூஞ்சிய நானே வச்சுப் பாத்துக்குவேன்."

மூஞ்சி தெரியவில்லை என்றது மட்டும்தான் என் காதில் விழுந்தது. என் தொழிலைக் குறை சொன்னதாக எடுத்துக்கொண்டேன். மறுநாளே கிள்ளான் டவுனுக்குச் சைக்கிள் மிதித்தேன். யுத்தத்துக்கு முன்பே அங்கே சினிமாச் சாமான் விற்கிற நூர் முகம்மது தன் கடையில் பதுக்கிவைத்திருந்த ஒரு ஜோடிப் புதுக் கார்பனை, என் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்து வாங்கிவந்தேன்.

"தங்கச்சி, இன்னிக்குப் பாரு, பளிச்சுன்னு தெரியும்," என்று வாசலிலேயே சொல்லி அவளை உள்ளே அனுப்பினேன்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. முழு வெளிச்சத்தில் குகை வெறும் கித்தான் துணி, பாறை மரப்பலகை. கூட்டம் சிரித்தது. மூன்றாவது ஆள் வந்தான். கன்னமெல்லாம் அம்மைத் தழும்பு, அதன்மேல் அப்பிய பவுடர், மையில் தீட்டிய புருவம். கல்லைச் சுமந்துகொண்டே எங்களைப் பார்த்து இளித்தான். பவுனம்மாள் அன்று பாதியில் எழுந்து போகவில்லை. படம் முடிந்து எல்லோரும் போன பிறகும் பெஞ்சிலேயே இருந்தாள்.

அடுத்த நாள் ஒட்டுக் கார்பனுக்கே திரும்பினேன். அவள் வரவில்லை. ஒரு வாரம் பொறுத்துவிட்டு வீட்டுக்கே போனேன். மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"பழையபடி இருட்டாத்தான் ஓட்டுறேன் தங்கச்சி. வந்து பாரு."

அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வேணாண்ணே. கண்ண மூடினா அந்த ஆளு மூஞ்சிதான் வருது. எங்க வீட்டுக்காரரு மூஞ்சிய நெனச்சு நெனச்சுப் பாக்குறேன், வரமாட்டேங்குது." கத்தியைக் கீழே வைத்தாள். "நீங்க அவரப் பாத்திருப்பீங்கல்ல? எப்படி இருப்பாரு, கொஞ்சம் சொல்லுங்களேன்."

நான் ரெங்கசாமியை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.