பன்றியைத் தேற்றிய குற்றம்

1

இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை, திருடினேன். என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னதை அப்படியே அமுக்கிக்கொண்டேன். அவருக்குத் தேர்வு ஆணையத்தில் வேலை. உத்தியோகத்துக்குச் சான்றிதழ் கேட்பவர்களுக்கு ஆங்கிலக் கேள்வித்தாள் தயாரித்து, விடைத்தாளும் திருத்துவார். அன்று தயாரித்த கேள்வி இது:

ஸ்வைன் என்ற சொல்லோடு வழக்கமாக வரும் வினைச்சொற்களைக் குறியிடுக. வளர்த்தல், மேய்த்தல், அறுத்தல், தேற்றுதல்.

(தாளில் நான்கும் ஆங்கிலத்தில் இருந்தன. உங்களுக்காகத் தமிழில் போட்டிருக்கிறேன்.)

முதல் மூன்றும் சரி. நான்காவது ஆளைக் கவிழ்க்க வைத்த பொறி. "பன்னியப் போய் யாராவது தேத்துவாங்களா?" என்று புரையேறும்வரை சிரித்தார். நானும் சிரித்தேன். அதை மறைத்து நல்லவள் மாதிரி எழுதத்தான் இருந்தேன், மனசு கேட்கவில்லை.

ஸ்வைன் என்றால் பன்றிதான். ஆனால் கால்நடை மருத்துவர் எழுதும்போதும், ஒருத்தரை ஒருத்தர் திட்டும்போதும்தான் அந்தச் சொல் அதிகம் வருமாம். நம்மிடமும் அதே கதைதான். எழுத்தில் பன்றி, வாயில் பன்னி. அதுவும் பாதி நேரம் மனிதரைப் பார்த்து. இவரையே ஆங்கில வாத்தியார், "நீ பன்னி மேய்க்கத்தான் லாயக்கு" என்று சொல்லியிருக்கிறார். (இந்த வரியை எடுக்கச் சொன்னார். எடுக்கவில்லை.)

2

தொடக்கம், முதல் முயற்சி: ‘கீழ்வானம் சிவக்க, பன்றிகள் உறுமிய அந்தப் புலர்காலையில் அவள்...’

வேண்டாம். பன்றி எந்நேரமும் உறுமும். அதற்கும் கீழ்வானத்துக்கும் கொடுக்கல் வாங்கல் கிடையாது.

இரண்டாவது: ‘ஏழ்மையில் பிறந்தாலும் நெஞ்சுரம் மிக்க...’

அவர் ஏழையா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

நேராகவே சொல்கிறேன். ஒரு பெரிய பன்றிப் பண்ணை. அங்கே குட்டி போடும் கொட்டகையில் பத்தொன்பது வருஷமாக வேலை செய்யும் ஓர் அம்மாள், எல்லாருக்கும் அக்கா. கொட்டகைப் பொறுப்பாளர் ஓய்வு பெறுகிறார். மருந்துச் சீட்டெல்லாம் ஆங்கிலத்தில் இருப்பதால் அடுத்து வருபவருக்கு ஆங்கிலச் சான்றிதழ் வேண்டும் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. மாதக் கடைசிக்குள் அக்கா அதைக் கொண்டுவராவிட்டால் முதலாளியின் மச்சினன் வந்து உட்காருவான். அவன் படித்தவன். படுத்திருக்கும் பன்றியை உதைத்துத்தான் எழுப்புவான், அது நிறைசினையாக இருந்தாலும்.

தேர்ச்சிக்கு நாற்பது மதிப்பெண். அக்காவுக்கு முப்பத்தொன்பது. குறைந்த அந்த ஒன்று, ஸ்வைன் கேள்வியின் நான்காவது சொல்லில் போனது.

3

விடைத்தாள் நகலோடு அக்கா ஆணையத்துக்குப் போனார். செருப்பை இரண்டு தரம் கழுவியிருந்தார். அப்படியும் வரிசையில் நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகியதில், சீக்கிரமே ஜன்னலுக்கு வந்துவிட்டார். உள்ளே என் வீட்டுக்காரர்.

"சார், இந்த நாலாவதுக்கு ஏன் தப்பு போட்டீங்க?"

"அப்படி யாரும் சொல்றதில்லம்மா."

"யாரும்னா யாரு?"

"புத்தகத்துல, பேப்பர்ல... எழுதறவங்க."

"அவங்க பன்னி வச்சிருக்காங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யாராவது மடக்கிவிட்டால் அப்படித்தான் செய்வார். கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன்.

"ஆறு மாசம் கழிச்சு மறுபடி எழுதலாம்மா."

"அதுக்குள்ள அவன் என் கொட்டகையையே நாசம் பண்ணிடுவான் சார். நாளைக்குக் காலையில வாங்க. ஒருத்திக்கு முதல் ஈத்து. வந்து பாத்துட்டு, தப்புன்னா தப்புன்னே போடுங்க."

4

அவர் நிஜமாகவே போவாரா? கதையில் இந்த இடம் உதைக்கிறது. வேலை நாளில் அலுவலக வாசலைத் தாண்டாத மனிதர் அவர். நான்தான் விடுப்பு எடுக்க வைத்துத் தள்ளிவிட்டேன். வெளிர்நீலச் சட்டை போட்டுக்கொண்டு போனார், பன்றிக் கொட்டகைக்கு.

அந்த இளம் பன்றிக்கு ஒன்பது குட்டிகள் விழுந்திருந்தன. தன் வயிற்றிலிருந்து இத்தனை பேர் வந்து கத்துவது அதற்குப் பெரிய அதிர்ச்சி. எழுந்து எழுந்து சுற்றியது. காலடிக்கு வந்த ஒன்றின் காதைக் கடித்தேவிட்டது.

"சார், புடிங்க!"

ரத்தம் வழிகிற குட்டி அவர் கைக்கு வந்தது. சட்டையோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். வேறு எப்படிப் பிடிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

அக்கா வைக்கோலில் மண்டியிட்டு, பன்றியின் மடியை உள்ளங்கையால் மெதுவாகத் தேய்த்தார். "ஒண்ணுமில்லடி. பயந்துட்டியா? எல்லாம் உன்னுதுதான். ஒண்ணுமில்லடி." பன்றி நின்றபடியே நடுங்கியது. அக்காவின் கை நிற்கவில்லை. கால் மணி நேரம் போயிருக்கும். பெருமூச்சு விட்டு, முன்னங்கால் மடித்து, பொத்தென்று சாய்ந்தது. குட்டிகள் முண்டியடித்து மடிக்குப் பாய்ந்தன. தாய் தாளம் தப்பாமல் தணிந்த குரலில் உறும ஆரம்பித்தது.

"பால் இறங்குது சார். அதையும் விடுங்க," என்றார் அக்கா.

அவருக்குக் குட்டியை விட மனசில்லை.

5

இங்கே முடித்திருந்தால் உங்களுக்குக் கண்ணில் நீர் வந்திருக்கும். ஆனால் ரத்தக் கறை பட்ட அவர் சட்டையைத் துவைத்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்த அக்கா, சமையலறையில் என் காதோரம் சொன்னார்:

"சாருக்குச் சொல்லாதீங்கம்மா. அந்த நாலாவது வார்த்தைக்கு எனக்கு அர்த்தமே தெரியாது. எதுக்கு வம்புன்னு நாலுக்கும் டிக் போட்டுட்டேன். அப்புறம் மருமகதான் அர்த்தம் சொன்னா. அட, இது நாம தினமும் செய்யறதாச்சேன்னுதான் சண்டைக்கு வந்தேன்."

(சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். எழுத மாட்டேன் என்று செய்யவில்லை.)

இப்போது அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று இதைப் படித்துக்கொண்டிருக்கிறார். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார்.

"குருட்டாம்போக்குல போட்டவங்களுக்கெல்லாம் இருபத்திரண்டு வருஷமா மார்க் குடுத்துட்டுத்தான் இருக்கேன்," என்றார். "இவங்க ஒருத்தர்தான் அர்த்தத்தையும் கொண்டுவந்து காட்டினாங்க."

6

தன் கேள்வி எதையும் இதுவரை திருத்திக்கொள்ளாதவர், நான்காவதும் சரியே என்று போன வாரம் எழுதிக் கொடுத்திருந்தார். ஆணையத்தின் மறுஆய்வுக் குழு அதைத் திருப்பி அனுப்பிவிட்டது: ‘இச்சொல்வழக்குக்கு ஆங்கிலத்தில் அச்சில் வெளியான சான்றுகள் இரண்டு தேவை.’

அகராதி, மருத்துவக் கையேடு, பழைய செய்தித்தாள் எல்லாம் புரட்டினார். பன்றியை வளர்த்திருக்கிறார்கள், எடை போட்டிருக்கிறார்கள், ஊசி குத்தியிருக்கிறார்கள், வண்டியில் ஏற்றி அறுத்திருக்கிறார்கள். தேற்றியதாக ஒரு வரி இல்லை. தேற்றியவர்களுக்கு எழுத நேரமில்லை போலிருக்கிறது.

அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். இலக்கியத் தாகமெல்லாம் இல்லை. சான்று ஒன்று: இந்தக் கதை.

"இது தமிழ்ல இருக்கே," என்றார்.

"யாராவது மொழிபெயர்க்கட்டும்."

"அப்பவும் ஒண்ணுதான் ஆகுது."

ஆகவே வாசகரே, முடிவு என்னிடம் இல்லை. உங்களில் ஆங்கிலம் தெரிந்தவர் நான்காம் பகுதியை மட்டுமாவது பெயர்த்துக் கொடுங்கள். இன்னொருவர் எங்காவது ஒரு பன்றியைப் பார்த்து, பக்கத்தில் மண்டியிட்டுத் தேற்றிவிட்டு வந்து, அதை நாலு வரி ஆங்கிலத்தில் எழுதி அச்சில் ஏற்றுங்கள். தேற்றாமல் எழுத வேண்டாம். அக்கா படித்தால் கண்டுபிடித்துவிடுவார்.

மாதம் முடிய ஒன்பது நாள் இருக்கிறது. சான்றுப் படிவத்தில் முதல் கட்டம் இந்தக் கதைக்கு, இரண்டாவது காலி. இவர் பேனா மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கொஞ்சம் சீக்கிரம்; மை காய்கிறது.