சென்னியப்பன் இறங்காத குண்டம்

1

இந்தக் கதை நான் காத்திருந்த நேரத்தில் கிடைத்தது. 1996இல் கோவை ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கிளினிக். பக்கத்தில் உட்கார்ந்திருந்த செல்லாத்தாள் சொன்னார். அவர் கணவர் சென்னியப்பன் உள்ளே டாக்டரிடம் காலைக் காட்டிக்கொண்டிருந்தார். பொள்ளாச்சிப் பக்கத்து ஊர் ஒன்றில் மாரியம்மன் கோயில் பூசாரி.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘நெருப்புக்கும் நம்பிக்கைக்கும் நடுவே’

வேண்டாம். தணல் மிதிக்காதவன் எழுதும் வாக்கியம்.

2

சென்னியப்பன் இருபத்திரண்டு வருடம் குண்டத்தில் இறங்கித் தீ மிதித்தவர். பூசாரி முதலில் இறங்க வேண்டும்; அவருக்குப் பின்னால்தான் ஊர். கடைசி இரண்டு வருடம் தணல் அவருக்குச் சுடவே இல்லை. “ஆத்தா என்ற காலைக் குளுத்திப்போட்டா” என்று சொல்லும்போதே கண் கலங்கிவிடும்.

(அவரை ஏமாற்றுக்காரர் ஆக்கலாமா என்று யோசித்தேன். கதைக்கு வசதி. ஆனால் காய்ச்சல் என்று யார் வந்தாலும் திருநீறு பூசிவிட்டு, “பஸ் புடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போங்க, ஆத்தாகிட்ட நான் சொல்லிக்கறேன்” என்கிறவர் அவர்.)

3

அந்த வருடம் குண்டத்துக்குப் பத்து நாள் முன்பு சர்க்கரைக்கு மாத்திரை வாங்க இதே கிளினிக்குக்கு வந்தார். டாக்டர் நந்திதா அவரைக் கண்மூடச் சொல்லி, உள்ளங்காலில் ஊசி முனையை வைத்தார்.

“எப்பங்க அம்மணி குத்துவீங்க?”

“ஏழு தடவை குத்திட்டனுங்க.”

அவர் கண்ணைத் திறந்தார்.

“சர்க்கரை நரம்பைக் கெடுத்துருச்சுங்க ஐயா. சுட்டாலும் தெரியாது. புண்ணாச்சுன்னா காலையே எடுக்க வேண்டி வரும்.”

“அப்ப... ஆத்தா குளுத்துனது?”



சென்னியப்பன் ஊருக்குப் பஸ் ஏறினார். ஜன்னலோரம் அவர் நினைத்தது என்னவென்றால்,

[மூன்று முறை எழுதியும் முடியவில்லை. கால் போவதைவிட, ஆத்தா தொட்டாள் என்ற நினைப்புப் போனதுதான் வலித்தது என்பது மட்டும் தெரிகிறது.]

4

குண்டத்தன்று விடிந்ததும் தணல் பரப்பியாயிற்று. மஞ்சள் உடுத்தி முந்நூறு பேர் நின்றார்கள். சென்னியப்பன் மைக்கை வாங்கினார்.

இங்கே “வேப்பிலையும் அவளே, மாத்திரையும் அவளே” என்று அவரைப் பேசவைத்தேன். எனக்கே கைதட்டல் கேட்டது, அந்த வரியை அடித்துவிட்டேன். அவர் சொன்னது இவ்வளவுதான்:

“சர்க்கரை இருக்கறவங்க, காலு மரத்தவங்க ஆரும் எறங்காதீங்க. நானும் எறங்கலீங்க. ஆத்தா குளுத்தறான்னு சொல்லிப்போட்டேன். அது சீக்குங்க. தெரியாமச் சொல்லிப்போட்டேன்.”

தர்மகர்த்தா பொங்கியண்ணன் மைக்கைப் பிடுங்கி அணைத்தார். “பூசாரி எறங்காத குண்டம் எங்கீங்க இருக்குது? ஊருக்கு ஆகாதுங்க!”

“தோசம்னா என்ற தலையில வரட்டுமுங்க.”

பொங்கியண்ணன் கூட்டத்தைப் பார்த்தார். பிறகு குரலை இறக்கினார். “ஏனுங்க பூசாரி, நடக்கறப்பச் செருப்புக் கழண்டு உழுந்தாக்கூட எனக்குத் தெரியறதில்ல. அதும் அதுதானுங்களா?”

“அதேதானுங்க. இப்பிடி ஓரமா வாங்க.”

5

முதலில் இறங்கியது செல்லாத்தாள். கணவர் கையிலிருந்த வேப்பிலையை வாங்கிக்கொண்டு நடந்தாராம். ஊர் பின்னால் வந்தது.

“சுட்டதா?” என்று கேட்டேன்.

“சுடாம இருக்குமுங்களா? நல்லாச் சுட்டுது.” சிரித்தார். “ஆனா ஒரு கொப்புளங்கூட இல்லீங்க.”

இப்போது மாதம் ஒருமுறை பூசாரியும் தர்மகர்த்தாவும் ஒரே பஸ்ஸில் கால் காட்ட வருகிறார்கள்.

முடிக்க இரண்டு காட்சிகள் இருக்கின்றன. ஒன்றில், விரைந்து நடந்தால் தணல் தோலைப் பொசுக்க நேரம் போதாது என்று டாக்டர் விளக்குகிறார். சென்னியப்பன் தலையாட்டிக் கேட்கிறார். மற்றதில், மனைவியின் உள்ளங்காலை மடியில் வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு, அவர் கோயிலைத் திரும்பிப் பார்க்கிறார்.

இரண்டும் நடந்தவை என்கிறார் செல்லாத்தாள். எதைக் கடைசியில் வைக்கிறோமோ அதுவே கதையின் தீர்ப்பாகிவிடும். எனக்குத் துணிச்சல் இல்லை. நீங்கள் வையுங்கள்.